எதிர்ப்பட்டவர்களோடு பேசுவதைப் பற்றி எஸ்தருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எஸ்தருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இவருடைய கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வேதத்தைத் தாமே எடுத்து வாசிக்கும் நிலைக்கு வந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். கர்த்தருடைய கிருபையால் அது நடந்துவிட்டது. உன் மகளுக்கு வேலை உறுதியான செய்தியை இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், இருவரும் மனதார மகிழ்ந்தோம். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான். பயணத்தில் பக்கத்தில் அமர்கிறவர்களிடம் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறங்கிவிடுகிறாய் என்றும், சபையில் மற்றவர்கள் தாங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய்.

அறிமுகமில்லாத ஒருவரிடம் சாட்சி சொல்வது என்றாலே, நாமாகப் பேச்சைத் தொடங்கி, அவர் இறங்குவதற்குள் சுவிசேஷம் முழுவதையும் சொல்லி முடித்து, கையில் ஒரு கைப்பிரதியையும் கொடுத்துவிட வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அந்த நினைப்புதான் உன் வாயை அடைக்கிறது; உன் விசுவாசக் குறைவு அல்ல. யோவான் நான்காம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பார். ஆண்டவர் பிரயாணத்தினால் இளைப்படைந்து கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த சமாரிய ஸ்திரீயிடம் அவர் முதலில் சொன்னது உபதேசம் அல்ல, "தாகத்துக்குத் தா" என்ற வேண்டுகோள். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலத்தில், அவளிடம் உதவி கேட்கிறவராகவே அவர் பேச்சைத் தொடங்குகிறார். அதன்பின் பெரும்பாலும் அவள் கேட்கிற கேள்விகளே அந்த உரையாடலை நடத்திச் செல்கின்றன. எங்கே தொழுதுகொள்ள வேண்டும் என்ற பழைய வழக்கை அவள் எழுப்பும்போதுகூட அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஊருக்குள் ஓடிய அவளும், "அவர் கிறிஸ்துதானோ" என்று ஒரு கேள்வியைத்தான் ஊராருக்குமுன் வைத்தாள்.

பிலிப்புவும் அப்படியே. இரதத்தில் ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" என்று கேட்டான், அந்த மந்திரி கையில் வைத்திருந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கினான். பவுலைப் பற்றியும், அத்தேனே பட்டணத்தின் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினந்தோறும் சம்பாஷணை பண்ணினான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. சம்பாஷணை என்றால் இரண்டு பேரும் பேசுவது அல்லவா?

இவரை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துச் சென்றபின் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, மடியில் ஒரு கோப்பினை வைத்து, அதிலிருந்த ஒரே அறிக்கையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மகனுக்கு என்றார், வேலை செய்யும் இடத்தில் அவன் கண்ணில் ஏதோ தெறித்துவிட்டதாம். அவர் நெடுநேரம் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இருவரும் மௌனமாக இருந்தபோது, என் உதடுகள் அசைவதைக் கவனித்து, "மந்திரம் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, நான் நம்புகிற இயேசுவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். "அவர் பதில் சொல்வாரா?" என்று உடனே கேட்டார். அது கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவலாகவே இருந்தது. கேட்டதையெல்லாம் அவர் தருவதில்லை என்றும், எங்கள் சின்னவனை அடக்கம் செய்த வருஷத்தில் நான் கேட்டது கிடைக்கவில்லை என்றும், ஆனாலும் அந்த வருஷம் முழுவதும் அவர் என்னைத் தனியே விடவில்லை என்றும், மரணத்தை ஜெயித்து உயிர்த்தெழுந்தவர் என்பதால் என் பிள்ளையை அவர் கையில் நம்பி விட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவருடைய மகனுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனதுக்குள் செய்யுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். உள்ளேயிருந்து அழைப்பு வந்ததும் எழுந்தவர், இரண்டடி நடந்து, திரும்பி வந்து, மகனின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

மனதுக்குள் என்று அவர் வைத்த எல்லையை நான் மதித்ததைத்தான் இங்கே முக்கியமாக நினைக்கிறேன். நோயிலும் பயத்திலும் இருக்கிற ஒருவர் நம்மை விட்டு எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நிலையை நமக்கு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிப்பதும், அப்போதே ஒரு தீர்மானத்தை வற்புறுத்துவதும் கிறிஸ்துவின் வழி அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். நம் சபைகளில் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதிய பேதுருவே, அதே வசனத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று சேர்த்திருக்கிறார். கைப்பிரதியை நான் குறை சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் விரும்பிக் கேட்டால் அது நல்ல துணை. முகத்தைக்கூடப் பார்க்காமல் கையில் திணிக்கப்படும் தாளால் என்ன பயன் என்றுதான் கேட்கிறேன்.

விளைவைப் பார்க்காமல் பிரிந்துவிடுகிறோமே என்றும் நீ கேட்கலாம். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீனை நினைத்துக்கொள். அந்தச் சமாரியக் கிணறு இருக்கும் பகுதியிலேயே, இன்று நாப்லுஸ் எனப்படும் ஊரில் பிறந்தவர். தத்துவ ஞானிகள் பலரிடம் மாறி மாறிக் கற்றும் மனம் நிறையாமல், தனியே சிந்திப்பதற்காகக் கடலோரமாக ஓர் இடத்துக்குப் போனபோது, பின்னால் ஒரு முதியவர் வந்தார். வீட்டார் சிலர் வெளியே போயிருக்கிறார்கள், அவர்களைத் தேடி வந்தேன் என்றார் அந்த முதியவர். அங்கே தொடங்கிய பேச்சு தத்துவத்தைப் பற்றியும் ஆத்துமாவைப் பற்றியும் வளர்ந்து, கடைசியில் தீர்க்கதரிசிகளிடமும் கிறிஸ்துவிடமும் வந்து நின்றது. ஒளியின் வாசல்கள் உனக்குத் திறக்கும்படி ஜெபம் செய் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பின் அவரைத் தாம் பார்க்கவில்லை என்று யுஸ்தீனே எழுதியிருக்கிறார். பெயரைக்கூட அவர் குறிப்பிடவில்லை. யுஸ்தீனோ திருச்சபைக்காக வாதாடி எழுதி, ஏறத்தாழ 165இல் ரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்தார். வெளியே போன வீட்டாரைத் தேடி வந்த அந்தப் பெரியவருக்கு இவற்றில் ஒன்றாவது தெரிந்திருக்குமா?

அதே நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சு என்பவர், கம்பளி வேலை செய்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் வீடுகளுக்குள் இந்த மார்க்கத்தைப் பேசிப் பரப்புகிறார்கள் என்று ஏளனம் செய்தார். அவருக்கு மறுப்பு எழுதிய ஓரிகன் அந்த வார்த்தைகளை எடுத்தெழுதியதால் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. இழிவாகச் சொல்லப்பட்ட அந்த வரியை நான் நன்றியோடு வாசிக்கிறேன். மேடையும் பட்டமும் இல்லாதவர்கள், தங்கள் வேலைக்கு நடுவே, கண்டதையும் கேட்டதையும் பேசியதால்தான் சுவிசேஷம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

கடினமான கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற உன் பயத்துக்கு, யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வையடைந்தவனே போதும். படித்தவர்கள் சூழ்ந்து விசாரித்தபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்", இது ஒன்றுதான் தனக்குத் தெரியும் என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் சாட்சி பலவீனமாகாது. தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் தகப்பனாரின் கடைசி நாட்களில் நீ கண்ட சமாதானத்தை எனக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அதை எனக்குச் சொன்ன அதே எளிமையோடு, கேட்கிற எவரிடமும் உன்னால் சொல்ல முடியும்.

தினமும் காலையில் பேருந்தில் உன் பக்கத்தில் அமர்வதாக எழுதியிருந்த அந்தப் பெண்ணிடம், அடுத்த வாரம் அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். மற்றது பிறகு. பெயரை எனக்கும் எழுது. இவரும் நானும் மாலை ஜெபத்தில் நினைத்துக்கொள்வோம். நான் எழுதியதில் உனக்கு ஒப்பாதது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. பிள்ளைகளுக்கு எங்கள் அன்பைச் சொல்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் தோழி
கிரேஸ்