2025 செயலாளர் அறிக்கை: வள்ளுவர் இல்லாத ஓவியப் போட்டி

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் பிரெஞ்சில் வாசித்த அறிக்கை உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் உள்ள நம் ரீயூனியன் தீவில், பிரான்சின் 1901 சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்பதால் அதற்கென்று ஒரு நடை உண்டு, அந்த நடையில் எழுதினால் எனக்கே தூக்கம் வருகிறது. தமிழ் படிக்கிறவர்களுக்காக, குறிப்பாகப் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்ட நம் பழைய உறுப்பினர்களுக்காக, இதைத் தனியாக எழுதுகிறேன். தலைவர் வாசிப்பதை இங்கே ‘ராப்போர் மொரால்’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் ‘நீதி அறிக்கை’. நீதி சொல்வது அவர் வேலை, நடந்ததைச் சொல்வது என் வேலை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரியில் பொங்கல் நன்றாக நடந்தது, பானையும் பொங்கியது, மழையும் பொங்கியது. பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை கரான்ஸ் புயல் தீவின் வடக்கே கரையேறியபோது நம் கூடத்துக் கூரையில் இரண்டு தகரம் பறந்தன, ஒன்று பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் கிடைத்தது, இன்னொன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நூலக அலமாரி நனைந்து, புத்தகங்களை ஒரு வாரம் கொடியில் துணி மாதிரி காயப்போட்டோம். அகராதி மட்டும் உப்பிப்போய், மூடவே முடியாமல் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

சரி, ஓவியப் போட்டிக்கு வருகிறேன்.

நம் சங்கத்தில் ஓவியப் போட்டி என்றால் வள்ளுவர்தான். கூடத்துச் சுவரில் தொங்கிய அதே படத்தைப் பார்த்து அதே கொண்டை, அதே தாடி, அதே எழுத்தாணி. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே வரைவார்கள், நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டே மார்க் போடுவார்கள். அந்தப் படமும் புயலில் நனைந்து, வள்ளுவர் முகத்தில் ஒரு பெரிய பழுப்புக் கறை. புதுப் படம் வாங்கலாமா என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள், “ஐயா, வள்ளுவர் நம்ம தீவுக்கு வந்திருக்காரா?” இல்லை என்றேன். “அப்போ எத்மோனை வரையலாமே, அவர் பக்கத்து ஊர்தானே?” வெனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்த எத்மோன் அல்பியுஸைத்தான் சொன்னாள்.

இங்கே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ‘கவனிக்கப்படாத கண்டுபிடிப்பாளர்கள்’ என்ற போட்டி தலைவரின் யோசனை என்று நிர்வாகக் குழுக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான். தலைவர் கூட்டத்தில் முன்மொழிந்தார், நான் அப்படியே எழுதிவிட்டேன், துண்டறிக்கையிலும் அப்படியே அச்சாகிவிட்டது. யோசனை அந்தப் பெண்ணுடையது. யாருடைய உழைப்புக்கு மற்றவர் பெயர் வாங்கிக்கொண்டார்களோ அவர்களைப் பற்றிப் போட்டி வைத்துவிட்டு நாமே அதைச் செய்தால் எப்படி? தலைவருக்கும் இதில் வருத்தமில்லை, குறிப்பேட்டைத் திருத்தியாகிவிட்டது.

எத்மோன் அல்பியுஸ் பற்றி இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும், புதுச்சேரி வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1829இல் சேன்த் சுசானில் அடிமையாகப் பிறந்தவர். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். பெல்லியே-போமோன் என்ற தோட்ட உரிமையாளரின் வீட்டில், அவர் பின்னாலேயே செடி கொடிகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தார். வெனிலாக் கொடி அதற்கு முன்பே தீவுக்கு வந்துவிட்டது, பூவும் பூத்தது, ஆனால் காய் பிடிக்கவில்லை. கொடியின் சொந்த ஊரான மெக்சிகோவில் மகரந்தம் சேர்க்கும் தேனீ இங்கே கிடையாது. 1836இல் பெல்ஜியத்தில் மோரென் என்ற பேராசிரியர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்திருக்கிறார், ஆனால் அது தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பூக்களுக்குச் செய்யக்கூடிய வேலையாக இல்லை. 1841இல், பன்னிரண்டு வயதில், எத்மோன் ஒரு மெல்லிய குச்சியும் கட்டைவிரலும் வைத்துச் சில நொடிகளில் அதைச் செய்து காட்டினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே முறைதான்.

அப்புறம் நடந்ததுதான் பிள்ளைகளுக்குக் கோபம் வரவைத்தது. ரிஷார் என்ற தாவரவியலாளர், அதை முதலில் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்றார். பெல்லியே-போமோன் விடாமல், இது அந்தப் பையன் கண்டுபிடித்தது என்று எழுதினார். ஒரு அடிமைக்காக எஜமானர் சாட்சி சொன்னது பெரிய விஷயம்தான், ஆனால் பணம் என்று எதுவும் எத்மோனுக்கு வரவில்லை. 1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமை முறை ஒழிந்தபோதுதான் அவருக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. தலைநகர் சேன் தெனிக்குப் போய்ச் சமையலறையில் வேலை பார்த்தார், நகைத் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனார், கண்டுபிடிப்பைச் சொல்லி மற்றவர்கள் மன்றாடியதால் தண்டனை குறைந்தது. 1880 ஆகஸ்டில் ஏழையாகவே இறந்தார். அவர் காலத்திலேயே தீவு டன் கணக்கில் வெனிலா ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது.

எத்மோன் கட்டாயம் இல்லை, உலகத்தில் யாரை வேண்டுமானாலும் வரையலாம், படத்தின் கீழே ஐந்து வரி தமிழில் எழுத வேண்டும், இதுதான் விதி. ஆனால் வரைவதற்கு முன் எல்லோரும் ஒரு வெனிலாத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

முதல் தடவை போனது வீண். ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்தது, தோட்டத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. வெனிலாப் பூ ஒரே ஒரு காலைதான் விரியும். நாங்கள் பார்த்ததெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கிய பூக்கள். இரண்டு பிள்ளைகள் அதையே வரைந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கார்களிலேயே ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தோட்டத்தில் பூ வேலை பார்க்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இந்த வேலை செய்பவர்களுக்கு இங்கே ‘மரியேஸ்’ என்று பெயர், பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறவர் என்று அர்த்தம். எலுமிச்சை முள் ஒன்றைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்தார். தாழை மரத்தில் ஏறிய கொடியில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பூவை இடது கையில் ஏந்தி, முள்ளால் இதழைக் கீறினார். உள்ளே ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே நாக்கு மாதிரி ஒரு சின்னச் சவ்வு. அதை முள்ளால் மேலே தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அப்படியே ஒரு அழுத்து. அவ்வளவுதான். நாங்கள் மூக்கை நீட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கும் பதினொரு பூ கொடுத்தார். கல்யாணம் கூடிவந்தால் பூ வாடியும் காம்பிலேயே ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். நாலு உதிர்ந்தது, ஏழு நின்றது. நான் தொட்ட பூ உதிர்ந்ததில் ஒன்று.

வந்த படங்கள் 41. பாதிக்கு மேல் எத்மோன், அதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி, ஏனென்றால் 1863இல் ரூசேன் என்ற ஓவியர் செய்த ஒரு கல்லச்சுப் படம் இருக்கிறது, எத்மோன் கையில் வெனிலாவுடன் நிற்பார், எல்லோரும் அதைப் பார்த்தே வரைந்துவிட்டார்கள். வள்ளுவரை விட்டு ஓடிவந்து மறுபடி அதே பள்ளத்தில் விழுந்தோம். அந்தப் படத்தில் அவர் முப்பது வயது தாண்டிய ஆள், கண்டுபிடித்தது சிறுவன். அடுத்த முறை இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சின்ன வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ‘வெனிலா’வை ‘வெண்ணிலா’ என்று காதில் வாங்கி, எத்மோன் தலைக்கு மேலே முழு நிலாவை வரைந்திருந்தான். தள்ளிவிடலாம் என்றார் ஒரு நடுவர், மற்ற இருவரும் விடவில்லை, சிறப்புப் பரிசு கொடுத்தோம்.

கரும்பு லாரி ஓட்டுபவரின் மகள் ஜானகி அம்மாளை வரைந்திருந்தாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மற்றப் புல் வகைகளோடு கலந்து பார்த்த விஞ்ஞானி. கரும்பாலேயே வாழ்கிற இந்தத் தீவில் அவரை எனக்கே சரியாகத் தெரியாது, அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜி.டி. நாயுடுவை இரண்டு பேர் வரைந்தார்கள். கோயம்புத்தூரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்தவர் ‘கவனிக்கப்படாதவர்’ ஆவாரா என்று நடுவர்களுக்குள் முக்கால் மணி நேர விவாதம். இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் சரி என்று முடிந்தது, எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

சிக்கல் வந்தது தென்னாப்பிரிக்காவின் ஹாமில்டன் நாக்கி படத்தில். 1967இல் கேப் டவுனில் நடந்த உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையில் அவர் கத்தி பிடித்து நிற்பதாக ஒரு மாணவி மிக அழகாக வரைந்திருந்தாள். அந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது, பெரிய பத்திரிகைகளே போட்டன, 2005இல் அவர் இறந்தபின் அவையே திருத்தமும் வெளியிட்டன. அவர் அந்த அறையில் இல்லை. தோட்டக்காரராகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விலங்கு ஆய்வுக்கூடத்தில் அறுவை சிகிச்சை கற்று, பின்னால் வந்த எத்தனையோ மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், 2003இல் அதே பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. இதுவே போதாதா? ஒருவரிடமிருந்து பெயரைத் திருடுவது தப்பு என்றால், செய்யாததை அவர் தலையில் கட்டுவதும் தப்புதான், அது அவர் உண்மையில் செய்ததை மறைத்துவிடுகிறது. அவளிடம் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருந்தது, அழுவாளோ என்று பயந்தேன். அவள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். திரும்பி வந்த படத்தில் நாக்கி ஒரு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆய்வுக்கூடத்தில் அவருடைய முதல் வேலையே ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்வதுதானாம். முதல் படத்தைவிட இது எவ்வளவோ மேல். இரண்டாம் பரிசு.

முதல் பரிசுப் படத்தில் முகமே இல்லை. கரிக்கோலால் வரைந்த இரண்டு கை, ஒரு பூ, ஒரு முள், நகக்கண்ணில் மண். பதின்மூன்று வயதுப் பையன். நடுவராக வந்திருந்த தோட்டத்து அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, கை மாறியிருக்கிறதே என்றார். பையன் இடதுகைக்காரன், தன் கையைப் பார்த்தே வரைந்திருக்கிறான். “பூவுக்கு வலது இடது தெரியவா போகுது” என்று சிரித்துவிட்டு முழு மார்க் போட்டார்.

தமிழ் வரிகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கைபேசியில் மொழிபெயர்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், ‘மரியேஸ்’ ஒரு படத்தில் ‘வெனிலா மணமகள்’ ஆகிவிட்டார்.

டிசம்பர் 20 விடுமுறை நாளில் கண்காட்சி வைத்தது பொருத்தம்தான், ஆனால் கூட்டம் குறைவு. ஊரே தீவின் பாரம்பரிய இசையான மலோயாக் கச்சேரிக்குப் போய்விட்டது, பாதி நேரம் நானும் அங்கேதான் இருந்தேன். வந்தவர்களில் ஒரு பெரியவர், தமிழ்ச் சங்கம் தமிழர்களைத்தானே போற்ற வேண்டும், காப்பிரியை எதற்கு என்று கேட்டார். ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் குறிக்கும் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை அங்கேயே சொன்னேன். அதோடு இதையும் சொன்னேன்: எத்மோனும் மற்றவர்களும் விடுதலையாகி விட்டுப்போன தோட்டங்களில்தான் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பல் ஏறிய உங்கள் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள், அதே கொட்டகை, அதே கரும்பு. அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் போகும் முன் கைகள் வரைந்த படத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார்.

கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். கூரைக்கு ஆன செலவு போகப் போட்டிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், பரிசாகக் கொடுத்த வண்ணப் பெட்டிகள் உறுப்பினர் ஒருவரின் உபயம், பெயர் வேண்டாம் என்றுவிட்டார். (இந்த அறிக்கையில் அதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அவர் இஷ்டம்.)

பிள்ளைகள் தொட்ட ஏழு பூவும் இப்போது பச்சைக் காயாகத் தொங்குகின்றன, முற்ற ஜூலை ஆகும். திருட்டுப் போகாமல் இருக்கக் காயில் தோட்டக்காரரின் எழுத்தை ஊசியால் குத்துவது வழக்கம், காய்ந்து கறுத்தாலும் அந்தத் தழும்பு போகாது. இந்த ஏழில் நீங்களே குத்திக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். எத்மோனுக்காக ‘எ’ குத்த வேண்டும் என்று ஒரு கட்சி, அவரவர் எழுத்துதான் என்று ஒரு கட்சி, சண்டை இன்னும் முடியவில்லை. மார்ச் முதல் சனிக்கிழமை போகிறோம். கார் உள்ளவர்கள் காலை ஆறு மணிக்குக் கூடத்துக்கு வரமுடியுமா என்று எனக்குச் சொல்லுங்கள், வாடகை வண்டி இனி வேண்டாம்.

செயலாளர்