சனிக்கிழமை தோட்டக் காட்டோரம் புல் எரிப்பு: எல்லோரும் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் பின்வேலியை ஒட்டிய கம் மரத் (யூகலிப்டஸ்) தோட்டத்தில் ஜூன் 13, சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தீத்தடுப்புக் கோடு எரிக்கிறார்கள். காய்ந்த புல்லை இப்போதே எரித்துவிட்டால், ஆகஸ்டில் பெர்க் காற்று (மலைப்பக்கமிருந்து வரும் சூடான வறண்ட காற்று) அடிக்கும்போது தீ தாண்டி வர எதுவும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் 1998 காட்டுத்தீச் சட்டப்படி நில உரிமையாளரின் கடமை இது.

முதலில் சிறு துண்டில் தீ வைத்துப் பார்ப்பார்கள். புகை நம் பக்கம் சாய்ந்தாலோ, தீ அபாய அளவு ஏறினாலோ அன்றைக்கு எரிப்பு இல்லை. காலை 6 மணிக்குக் குழுவில் சொல்கிறேன்.

1. வேலியோரச் சருகு, விறகு, பழைய டயர்களை வெள்ளிக்குள் அகற்றுங்கள். கூரையின் மழைநீர்ப் பீலியில் கிடக்கும் இலைகளையும்தான். பறந்து வரும் பொறி அங்கேதான் பற்றும்.
2. துணி காயப்போட வேண்டாம், ஜன்னல்களை மூடிவையுங்கள். நாய்களைக் கட்டிவையுங்கள்.
3. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மாட்டியபடி இருக்கட்டும்.
4. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் மதியம் வரை கோவில் மண்டபத்தில் இருக்கலாம். தேநீர் உண்டு.
5. வீடியோ எடுக்க வேலியருகே போகாதீர்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மாமாக்களுக்கும் சேர்த்துத்தான்!

புகைக்குப் பதற வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் தீ தெரிந்தால் உடனே அவசர எண் 10177-ஐ அழையுங்கள். அடிக்கட்டைகள் இரண்டு மூன்று நாள் கனலும். இரவில் சிவப்பாகத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

புதன் இரவுக்குள் வீட்டு எண்ணும், மண்டபத்துக்கு எத்தனை பேர் என்பதும் அனுப்புங்கள். வெறும் கட்டைவிரல் குறி போட்டால் போதாது.