பரண் விளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கியவர்களும் கேமரா பொருத்தியவர்களும் அண்மைக் காலமாக எங்கள் கடைக்கு வந்து, பல்பு ஹோல்டரில் மாட்டும் பிளக் ஒன்றைக் கேட்கிறார்கள். ரௌட்டரையோ கேமராப் பதிவுப் பெட்டியையோ பரணிலோ ஸ்டோர் ரூமிலோ வைத்துவிட்டார்கள். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது, விளக்கு மட்டும்தான் இருக்கிறது. கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு ஒரு நிமிட வேலை. ஆனாலும் எந்தக் கருவிக்கு என்று விசாரிக்காமல் இனி அதைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைச் சொல்லவே இம்மடல்.

விளக்குக்குப் போகும் கம்பி மெல்லியது, அதனால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியைக் காட்டிலும் ஹோல்டர்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்டில் 0.04 ஆம்பியர் அளவே எடுக்கும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் ரௌட்டரும் ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்த சிறு சுமைதான். ஆனால் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர், அதாவது அந்தப் பல்பைப் போல நூறு மடங்குக்கும் மேல் எடுக்கும். ஹோல்டருக்குள் அவ்வளவு மின்சாரத்தையும் கடத்த இருப்பவை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் இரண்டு சிறு முனைகள் மட்டுமே. அவை பழையதாகித் தளர்ந்துவிட்டால் தொடும் இடம் சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். "எம்.சி.பி. போட்டிருக்கிறோமே" என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 4.3 ஆம்பியர் என்பது அனுமதிக்கப்பட்ட சுமைதான். உள்ளே ஹோல்டர் கருகிக்கொண்டிருப்பதை அது அறியாது. துணி அலமாரிகள் உள்ள சிறு அறையில் விளக்கு ஹோல்டரிலிருந்தே இஸ்திரி போட்டுவந்த ஒருவர், உருகிப்போன ஹோல்டரை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். அதற்கு ஒரு முழம் தள்ளிப் பட்டுப்புடவைகள் அடுக்கியிருந்தனவாம். எம்.சி.பி. கடைசிவரை விழவே இல்லை.

அடுத்தது எர்த். பழைய வீடுகள் பலவற்றில் விளக்குப் பாயின்ட்டுக்குச் சுவிட்ச் வழியாக மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் மட்டுமே வந்திருக்கும். எர்த் கம்பி வந்திருந்தாலும் ஹோல்டரில் மாட்டும் பிளக்கில் அதற்கு வழியே கிடையாது. உங்கள் அடாப்டரின் மேல், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. மூன்று முள் பிளக்கோடு வரும் கருவிக்கு எர்த் கட்டாயம் வேண்டும், அந்த மூன்றாவது முள்ளை மடக்கியோ வெட்டியோ இரண்டு முள்ளாக்கக் கூடாது. இதைவிடக் கொடிய பழக்கம் ஒன்று உண்டு: எர்த் இல்லாத இடத்தில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையே எர்த் முனையோடு இணைத்துவிடுவது. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், கருவியின் உலோக உடலில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். யார் சொன்னாலும் இதற்கு இணங்காதீர்கள்.

மூன்றாவது, சுவிட்ச். விளக்கை அணைத்தால் கருவியும் அணையும். ரௌட்டருக்கு அது தொல்லை மட்டுமே. ஹார்ட் டிஸ்க் உள்ள பதிவுப் பெட்டி அடிக்கடி திடீரென நின்றால் பதிவுகளும் டிஸ்க்கும் கெடக்கூடும்.

விளக்குப் பாயின்ட்டில் உண்மையான நன்மை ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்குகள் பெரும்பாலும் அந்த லைனில் இருப்பதால், மின்வெட்டிலும் ரௌட்டர் ஓடும். அதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு: மெயினை இறக்கிவிட்டாலும் இன்வெர்ட்டர் அந்த ஹோல்டருக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹோல்டரைக் கழற்றுவதற்கு முன் இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, இரண்டு முனைகளையும் சோதிக்க வேண்டும். சுவிட்சை நியூட்ரலில் போட்டுவைத்த வீடுகளும் இருக்கின்றன. அங்கே விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் பேஸ் இருக்கும்.

சரியான வழி செலவு மிகுந்ததும் அல்ல. அறையின் சுவிட்ச் போர்டிலிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பைப் வழியே மேலே கொண்டுபோய், சுவிட்சோடு கூடிய 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைப் பரணில் பொருத்த வேண்டும். நியூட்ரலை வேறு லைனிலிருந்து இரவல் வாங்கக் கூடாது, வாங்கினால் மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., கசிவு இல்லாமலே விழும், ஒரு லைனை அணைத்த பின்னும் அந்த நியூட்ரலில் மின்னோட்டம் இருக்கும். ஒரு விளக்கு லைனில் பத்துப் பாயின்ட்டுக்கும் 800 வாட்டுக்கும் மேல் போகக் கூடாது என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் வயரிங் நெறி. எனவே ஏற்கெனவே உள்ள விளக்கு, விசிறி எல்லாவற்றையும் எண்ணிய பிறகே இதைச் சேர்க்க வேண்டும். இவ்வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள்.

பல வீடுகளில் இதுவும் தேவைப்படாது. ரௌட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்தால் வைஃபை சரியாக வெளியே வராது என்பதால், ஹாலில் பிளக் உள்ள இடத்திலேயே வைப்பது எல்லா வகையிலும் நல்லது. கேமராவுக்கு பி.ஓ.இ. வகை வாங்கினால், தரவு செல்லும் அதே லேன் கேபிளிலேயே 48 வோல்ட் அளவிலான மின்சாரமும் போய்விடும். பரணுக்கு 230 வோல்ட் ஏற வேண்டியதே இல்லை. எப்படியானாலும் அடாப்டரைத் துணிக்கு அடியிலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ புதைக்காமல் காற்றுப்படும்படி வையுங்கள்.

அடுத்த முறை வரும்போது உங்கள் அடாப்டரின் லேபிளையும் இப்போதுள்ள ஹோல்டரையும் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுவாருங்கள். அவற்றைப் பார்த்து, ஹோல்டர் பிளக் போதுமா, சாக்கெட் பொருத்த வேண்டுமா என்று நாங்களே சொல்கிறோம். ஏற்கெனவே எங்களிடம் ஹோல்டர் பிளக் வாங்கி, அதில் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், வாக்குவம் கிளீனர் போன்றவற்றை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்திவிட்டு அந்தப் பிளக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பில் இல்லாவிட்டாலும் பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்