காயாத ஆளிவிதை எண்ணெய் பெயிண்ட் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் ஆளிவிதை எண்ணெய் பெயிண்டை எங்கள் வீட்டு மர ஜன்னல்களுக்கும் சட்டங்களுக்கும் அடித்துப் பல வாரங்கள் ஆகின்றன. இன்றும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. பழைய பெயிண்டை மரம் தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, டப்பாவை அடிவரை கலக்கி, மெல்லியதாக இழுத்துத்தான் அடித்தோம். வெளிச்சமும் காற்றும் தாராளமாக இருக்கிற இடம். 24 முதல் 72 மணி நேரத்தில் காய்ந்திருக்க வேண்டும்.

தொலைபேசியில் கிடைத்த உங்கள் ஊழியர், "தின்னர் கலந்து இன்னொரு கோட் அடியுங்கள், காய்ந்துவிடும்" என்றார். ஆவியாகிக் காயும் பெயிண்டா இது? காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுவதல்லவா? ஈரத்தின் மேல் மறுபடி அடித்தால் மேலே ஆடை கட்டிச் சுருங்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும் என்றேன். "எங்களுக்கே பாடம் எடுக்கிறீர்களா? அடிக்கத் தெரியாதவர்கள் ஏன் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் அறைகிறது.

ஜன்னல்களைச் சாத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. திறந்து வைத்தால் தூசியும் பூச்சிகளும் அப்பிக்கொள்கின்றன. மழை வந்தால் என்ன செய்வது? வீடே பாழாகிவிட்டது. எங்கள் நிம்மதி முழுவதும் போய்விட்டது.

மீதிப் பெயிண்டோடு வந்தால் பரிசோதிப்போம் என்று உங்கள் கிளையிலிருந்து எழுதினார்கள். கனமான டப்பாவைச் சுமந்துகொண்டு போனால், பரிசோதிக்க அங்கே ஆளே இல்லை. தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். தலைமை அலுவலகம் கிளைக்குப் போகச் சொல்கிறது.

அதே ஊழியர் சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். துடைத்த துணிகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "சுருட்டிக் குப்பையில் போடுங்கள்" என்றார். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்தோ விரித்தோ வைக்க வேண்டும். இதை அறியாதவரையா வாடிக்கையாளரிடம் பேச வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் டப்பா தயாரான தொகுதியில் (batch) டிரையர், அதாவது பெயிண்ட் சீக்கிரம் காயச் சேர்க்கும் பொருள், சரியான அளவில் சேர்ந்ததா என்பதை ஆராய்ந்து எழுத்தில் பதில் தாருங்கள். பெயிண்டின் விலையோடு, மறுபடி சுரண்டி அடிக்கும் கூலியையும் தர வேண்டும். இதுவரை பொறுமையாகவே கேட்டிருக்கிறேன். இப்போதும் பணிவாகவே கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால், டப்பா, ரசீது, புகைப்படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்