வீட்டுக்காரம்மாவின் பாரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பாளையங்கோட்டைக்குப் போன மூன்றே மாதத்தில் மறுபடி வீடு தேடுகிறாய் என்று படித்ததும் பதறிப்போனேன். காரணத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாடிப்படியில் வைத்து வீட்டுக்காரம்மா, "உங்க குடும்பத்தப் பத்தி எனக்கு ரொம்பப் பாரமா இருக்கும்மா" என்று சொன்னாராம். வாடகை போதவில்லையோ, தண்ணீர் அதிகம் செலவாகிறதோ என்று நீ அன்றிரவே புரோக்கருக்குப் போன் போட்டாயாம்.

அடியே, அந்த அம்மா உன்னைப் பாரம் என்று சொல்லவில்லை. எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் பேச்சில் பாரம் என்றால் அடுத்தவர் கஷ்டம் நம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வது. முழங்கால் போட்டு ஜெபித்தால்தான் அது இறங்கும். உன் கணவருக்கு ஆஞ்சியோ செய்தது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலை நாலரைக்குக் கீழ்வீட்டில் முணுமுணுப்பு கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் உங்கள் பெயரும் வந்துகொண்டிருக்கும். நீங்களும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வரவேண்டும் என்ற ஆசையும் அந்த ஜெபத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. வற்புறுத்தினால், "ஜெபம் பண்ணுங்க, அது போதும்" என்று சொல்லிவிடு. தப்பாக எடுக்கமாட்டார்.

நீ தடுக்கி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் புழங்கும் சொற்களில் பாதி உங்கள் வீட்டுச் சொற்கள். ஸ்தோத்திரம், ஆராதனை, உபவாசம் எல்லாம் காதில் விழுந்ததும் தெரிந்த சொல்தானே என்று நினைத்துவிடுகிறாய். அபிஷேகத்தையே எடுத்துக்கொள். உனக்குப் பாலும் சந்தனமும். "அந்த ஐயாவுக்கு நல்ல அபிஷேகம்" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், அந்த ஐயாமேல் கடவுளின் தூய ஆவி இறங்கியிருக்கிறது என்று பொருள். பழைய இஸ்ரவேலில் ஒருவரை ராஜாவாக்கும்போது தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். எங்கள் அர்த்தம் அங்கிருந்து வந்தது. கிறிஸ்து என்பதுகூட இயேசுவின் குடும்பப் பெயர் இல்லை. அபிஷேகம் செய்யப்பட்டவர் என்பதற்கான கிரேக்கச் சொல் அது. எபிரேயத்தில் மேசியா.

கடவுளை எப்படிச் சொல்வது என்பதிலேயே எங்கள் ஆட்களுக்கு நெடுநாள் தடுமாற்றம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பைபிளைத் தமிழாக்கியபோது சர்வேசுரன் என்றார். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸ் தன் மொழிபெயர்ப்பில் பராபரன் என்று போட்டார். ஹென்றி பவர் என்ற மிஷனரி தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பில் அது தேவன் ஆயிற்று. இன்றும் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் அந்தத் தமிழ்தான் ஓடுகிறது. கத்தோலிக்கர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புக்கு மாறிவிட்டார்கள். இங்கே "ஆதியிலே தேவன் சிருஷ்டித்தார்" என்றால், அங்கே "தொடக்கத்தில் கடவுள் படைத்தார்" என்ற தமிழ். தண்ணீரால் சபையில் சேர்க்கும் ஞானஸ்நானம் அவர்களுக்குத் திருமுழுக்கு, கிருபை அவர்களுக்கு அருள். புதுத்தமிழ் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அழுகை வருவது பழைய தமிழில்தான்.

கிருபை என்றதும் நம் ஹாஸ்டல் ஞாபகம் வருகிறது. மெஸ் பில் கட்டாததால் என் பெயரை அடித்துவிட்டார்களே, அந்த மாதம். ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்படிப் பக்கம் போனால், சமையல்கார அக்கா தட்டால் மூடி இரண்டு சப்பாத்தி வைத்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார், எடுத்துக்கோ என்பதுபோல் தலையை ஆட்டுவார். பட்டியலில் பெயர் இல்லாதவளுக்குக் கிடைத்த சப்பாத்திடி அது. கிருபைக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்தத் தட்டுதான் எனக்குப் புரிந்தது.

மற்றதெல்லாம் சுலபம். "போன வாரம் சபையில் சாட்சி சொன்னேன்" என்றால் கோர்ட் கேஸ் என்று பயப்படாதே. கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொன்னார், அவ்வளவுதான். ஊழியக்காரர் வருகிறார் என்றால் வேலைக்காரர் இல்லை, ஜெபிக்க வருகிற போதகர். தெருமுனைச் சுவரொட்டியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருந்தால் ஆள் தவறிவிட்டார். ஒருநாள் எழுப்பப்படுவார் என்ற நம்பிக்கை இருப்பதால் தூக்கம் என்கிறோம். "நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று யாராவது கேட்டால்தான் கொஞ்சம் சிக்கல். பாவத்திலிருந்து இயேசு என்னை மீட்டுவிட்டார் என்ற நிச்சயம் உனக்கு வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். சிலர் அதற்குத் தேதியே வைத்திருப்பார்கள். பரம்பரைக் கிறிஸ்தவளான என்னிடம் தேதி கேட்டு மடக்கியவர்கள் உண்டு. நான் காப்பி போடப் போய்விடுவேன்.

அப்புறம், வருகிற ஞாயிறு அசனத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், அது பூஜையா என்று கேட்டிருந்தாய். சாப்பாடுடி! கோயில் பண்டிகையில் ஊருக்கே போடும் விருந்து, யார் வேண்டுமானாலும் போகலாம். பெரும்பாலும் ஆட்டுக்கறிக் குழம்பாக இருக்கும், அதனால் உனக்குச் சாம்பார் உண்டா என்று முன்னாடியே கேட்டுக்கொள். உன் கணவரை எண்ணெய் மிதக்கிற பக்கம் விடாதே. கையோடு ஒரு தூக்குவாளி கொண்டு போ, வீட்டுக்கும் ஊற்றித் தருவார்கள்.

முதலில் அந்தப் புரோக்கருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்