கப்பல் மாறினால் அந்தஸ்து கூட வருமா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைப்பிடியைத் தொடாமலே படியேறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. தங்கச்சி உன்னைத் தினமும் நடக்கச் சொல்லி விரட்டுவதாகப் புலம்பியிருக்கிறாய். விரட்டட்டும், உனக்கு அதுதான் சரி. இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மகள் வேலை மாறியிருக்கிறாள். அவளைவிட அவள் அம்மாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. எனக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிரின்சஸ் சொகுசுக் கப்பல் கம்பெனியில், அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்குத் தரும் பிளாட்டினம் அந்தஸ்தை வாங்கிவிட்டாய். அடுத்து குனார்ட் கம்பெனியின் குயீன் மேரி 2 கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்று ஆசை. இரண்டும் கார்னிவல் கார்ப்பரேஷன் குடும்பம்தானே, என் பிளாட்டினம் அங்கேயும் செல்லுமா என்று கேட்டிருக்கிறாய். செல்லாது. குனார்டின் வாடிக்கையாளர் திட்டமான வேர்ல்ட் கிளப்பில் நீ புது ஆள். முதல் பயணம் முடிந்த பிறகுதான் அடிமட்டப் படியான சில்வரே உனக்குக் கிடைக்கும்.

கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், சீபோர்ன், கோஸ்டா என்று அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் அதிகம். ஆனால் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்கள் மாதிரி, ஒருவர் கணக்கை மற்றவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கணக்குப் போடும் முறையே வேறு வேறு. பிரின்சஸில் எத்தனை பயணம் அல்லது எத்தனை நாள், இரண்டில் எது முதலில் எட்டுகிறதோ அது. உன் பிளாட்டினத்துக்கு அடுத்த எலீட் வேண்டுமென்றால் 15 பயணமோ 150 நாளோ முடித்திருக்க வேண்டும். அதனால்தான் அங்கே குட்டிக் குட்டிப் பயணமாகப் போய் எலீட் ஆன ஆட்களைப் பார்க்கிறோம். நான்கு நாள் பயணமும் ஒரு பயணம், இருபது நாள் பயணமும் ஒரு பயணம். சூட் என்கிற பெரிய சொகுசு அறை எடுத்தாலோ தனியாக ஒரு அறை எடுத்துப் போனாலோ ஒன்றுக்கு இரண்டாக எண்ணுவார்கள்.

ஹாலந்து அமெரிக்காவில் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. அவர்களுடைய திட்டமான மரினர் சொசைட்டி நாள் கணக்குதான் பார்க்கும். இரண்டு நட்சத்திரத்துக்கு 30 நாள், மூன்றுக்கு 75, நான்குக்கு 200, ஐந்துக்கு 500. சூட் எடுத்தால் நாள் இரட்டிப்பாகும், கப்பலில் செய்யும் செலவுக்கும் கொஞ்சம் கூடும். மற்றபடி கடலில் கிடந்தால்தான் ஏறும். நீண்ட பயணம் போகிறவர்களுக்காகவே செய்த திட்டம் அது. அங்கே பழைய பயணிகளுக்கு ஒரு கூட்டம் நடத்துவார்கள், பார்க்க வேண்டும் நீ. 100 நாளுக்கு வெண்கலப் பதக்கம், 300-க்கு வெள்ளி, 500-க்குத் தங்கம், 700-க்கு பிளாட்டினம். கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ரிப்பனைக் கழுத்தில் மாட்டி, கைகுலுக்கி, போட்டோவுக்கு நிற்பார். பள்ளி ஆண்டுவிழா மேடைக்குப் போகிற அதே பதற்றத்தோடு எழுபது வயதுக்காரர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காலி நாற்காலியில் இருந்த கைப்பையைத் திறந்து இன்னொரு பழைய பதக்கத்தை எடுத்து இரண்டையும் ஒட்டி வைத்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. இந்தப் பதக்கத்துக்குக் காசு மதிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் மொத்தத் திட்டத்திலும் ஆட்கள் உண்மையாகவே ஆசைப்படுகிற பொருள் அதுதானோ என்று தோன்றுகிறது.

கார்னிவல் லைனில், அதாவது அந்தப் பெயரிலேயே ஓடும் கப்பல் கம்பெனியில், நிலவரமே மாறுகிறது. அவர்களுடைய விஐஎஃப்பி கிளப் திட்டத்தில் இதுவரை ஜன்னலில்லாத உள்ளறையோ சூட்டோ, ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட். 75-இல் பிளாட்டினம், 200-இல் டயமண்ட். ஏழை பணக்காரன் பார்க்காத கணக்கு. 2026-க்கான புதுத் திட்டத்தில் இரவை எண்ணாமல் செலவழிக்கும் டாலரை எண்ணப் போவதாக 2025-இல் அறிவித்தார்கள். அதுவும் ஒருமுறை ஏறினால் ஆயுளுக்கும் நிற்கும் படி இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்களாம். விமானக் கம்பெனிகள் எப்போதோ போன வழி. மலிவான உள்ளறையில் வருடக்கணக்காகப் பயணம் செய்து படியேறியவர்களுக்கு வயிற்றெரிச்சல். எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் டயமண்ட் ஆட்கள் பெருகி, முன்னுரிமை வரிசை சாதாரண வரிசையைவிட நீளமாகிவிட்ட கப்பல்களையும் பார்த்திருக்கிறோமே. ஏதாவது ஒன்று செய்துதான் ஆகவேண்டும் அவர்களும்.

இப்போது ராயல் கரீபியன் குடும்பத்தைப் பார். உன்னைப் போல ஒரே லைனில் அடங்காமல், இன்னொன்றையும் பார்க்கலாமே என்று அலைகிறவனுக்கு அதுதான் தோது என்பது என் கருத்து. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றும் 2024-இலிருந்து ஒருவர் அந்தஸ்தை மற்றவர் அப்படியே ஏற்கிறார்கள். ராயல், செலிப்ரிட்டி இரண்டுக்கும் இடையே முன்பே ஓரளவு இருந்தது. சில்வர்சீயும் சேர்ந்து, மேல்படிகளுக்கும் சேர்த்து ஒழுங்குபடுத்தியது அப்போதுதான்.

இதில் சுவாரசியம் கணக்கில் இருக்கிறது. பென்சில் எடுத்துக்கொள். ராயலின் கிரௌன் அண்ட் ஆங்கர் சொசைட்டியில் ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட், சூட்டுக்கு இரண்டு. டயமண்டுக்கு 80, டயமண்ட் பிளஸ்ஸுக்கு 175, உச்சியில் இருக்கும் பினாக்கிளுக்கு 700. செலிப்ரிட்டியின் கேப்டன்ஸ் கிளப்பில் அறையைப் பொறுத்து பாயின்ட் மாறும்: உள்ளறைக்கு இரவுக்கு 2, பால்கனிக்கு 3, சூட்டுகளுக்கு அதைவிடப் பல மடங்கு. எலீட்டுக்கு 300, எலீட் பிளஸ்ஸுக்கு 750, ஜெனித்துக்கு 3000. டயமண்டும் எலீட்டும் ஒரே தட்டு. பால்கனியில் போனால் செலிப்ரிட்டியில் எலீட் ஆக 100 இரவு, உள்ளறையில் 150. ராயலில் எந்தச் சாதாரண அறையில் படுத்தாலும் 80 இரவில் டயமண்ட். அந்த டயமண்டைக் காட்டி செலிப்ரிட்டியில் எலீட் சலுகை வாங்கிக்கொள்ளலாம். மேலே போகப் போக இடைவெளி இன்னும் பெரிது. பால்கனி அறையிலேயே இருந்து ஜெனித் ஆக ஆயிரம் இரவு வேண்டும். ராயலில் 700 இரவில் பினாக்கிள், அதற்கு இணை ஜெனித். உள்ளறைக்காரனுக்கு ராயல், பெரிய சூட் எடுக்கிறவனுக்கு செலிப்ரிட்டி. நாம் எந்த ஜாதி என்பது உனக்கே தெரியும்.

ஒன்றை மனதில் வை. அந்தஸ்து ஒத்துப்போவது வேறு, பாயின்ட் சேர்வது வேறு. எலீட் என்று உபசரிப்பார்களே தவிர, நீ செலிப்ரிட்டியில் கழித்த இரவுகள் ராயலின் கணக்கில் தானாக ஏறாது. இதுதான் வெகுநாளாக எல்லோருக்கும் குறையாக இருந்தது. 2025 கடைசியில் அதற்கும் ஒரு வழி அறிவித்தார்கள்: பயணத்தில் கிடைக்கும் பாயின்ட்டை எந்தத் திட்டத்தில் வரவு வைப்பது என்று நாமே சொல்லலாம், பாயின்ட்ஸ் சாய்ஸ் என்று பெயர். மேல்படிக்கு நாலைந்து இரவுதான் குறைகிறது என்று நிற்பவர்களுக்கு இது பெரிய வரம்.

நார்வீஜியன் குடும்பமும் 2025-இல் இதே பாதைக்கு வந்துவிட்டது. நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜென்ட் மூன்றும் ஒன்றின் அந்தஸ்தை மற்றொன்று மதிக்கும். ரீஜென்ட் கட்டணத்தைப் பார்த்தால் நமக்கு அந்தஸ்தைவிட வீட்டுப் பத்திரம்தான் உதவும் போலிருக்கிறது, அதனால் அதை இத்தோடு விடுகிறேன். எம்எஸ்சி கப்பல் கம்பெனி இன்னொரு ரகம். மற்ற கம்பெனிகளின் அந்தஸ்தைக் காட்டினாலே ஒரு படி கொடுத்துவிடுவார்கள். வேற்று வீட்டு ஆளை இழுக்க இதைவிட நேரடியான வழி கிடையாது. ஆனால் மூன்று வருடம் அவர்கள் கப்பலில் ஏறவில்லை என்றால் கணக்கு காலாவதி.

உறவு நிரந்தரமில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. அஸமாரா என்ற கப்பல் கம்பெனி முன்பு ராயல் கரீபியன் குடும்பத்தில் இருந்தது. அப்போது செலிப்ரிட்டி ஆட்களுக்கு அங்கே மரியாதை. 2021-இல் சைக்கமோர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள், அதோடு சொந்தமும் அறுந்தது. உன் அட்டையில் இருக்கும் படி, கம்பெனி மேலிடத்தில் யார் யாருக்கு எதை விற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதெல்லாம் சரி, கையில் என்ன கிடைக்கிறது என்று நீ கேட்பாய். ராயல் டயமண்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு பானம் இலவசம், டயமண்ட் பிளஸ்ஸுக்கு ஐந்து, பினாக்கிளுக்கு ஆறு. நீ குடிக்க மாட்டாய் என்பது தெரியும். நல்ல காபிக்கும் சோடாவுக்கும் அதைப் பயன்படுத்தலாம். இருந்தாலும் அந்தச் சலுகையின் முழு ருசி மதுப் பிரியர்களுக்குத்தான். முன்னுரிமை போர்டிங், தள்ளுபடிக் கூப்பன் புத்தகம், அறையில் வைக்கும் பழத்தட்டு, இவையெல்லாம் முதல் தடவை மனதுக்குக் குளிர்ச்சி, இரண்டாம் தடவை பழக்கம்.

என்னைக் கேட்டால் லாண்ட்ரிதான் ராஜா. பிரின்சஸ் எலீட்டுக்கும் ஹாலந்து அமெரிக்காவின் நான்கு நட்சத்திரத்துக்கும் அது இலவசம். அலமாரியில் இருக்கும் பையில் துணியைத் திணித்து, கூட இருக்கும் தாளில் சட்டை இத்தனை, பேன்ட் இத்தனை என்று எழுதிக் கட்டில் மேல் வைத்துவிட்டால் போதும். சட்டைகள் ஹேங்கரில் தொங்கிக்கொண்டு வரும். கைக்குட்டையைக்கூடத் தேய்த்து நாலாக மடித்திருப்பார்கள். நம் வீட்டில் அந்தக் கைக்குட்டைக்கு அப்படி ஒரு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. நீளமான பயணத்துக்குப் பாதி பெட்டியோடு போய்விடலாம். உன் முழங்காலுக்கு இதைவிட நல்ல சலுகை எது? அதனால்தான் சொல்கிறேன், பிரின்சஸில் எலீட் தொடுகிற தூரத்தில் இருந்தால் அதை முதலில் முடித்துவிடு. இடையில் புதிதாக ராயலில் ஆரம்பித்து நாலு இடத்தில் நாலு அரைகுறைப் படி வைத்துக்கொள்ளாதே. எலீட் ரொம்ப தூரம் என்றால் மட்டும் ராயல் பக்கம் திரும்பு.

குனார்டை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க வேண்டும் என்பது சலுகைக்காகப் போகிற பயணம் இல்லையே. சில்வரோ பித்தளையோ, போய்விட்டு வா.

இன்னொரு வேடிக்கை. கார்னிவல் கார்ப்பரேஷனில் விசுவாசம் கப்பல் தாண்டாது, பங்கு தாண்டும். 100 பங்கு வைத்திருந்தால் பிரின்சஸ், குனார்ட், ஹாலந்து எதில் போனாலும் கப்பல் செலவுக்கு அறைக்கு ஒரு தொகை வரவு வைப்பார்கள். ஆறு நாள் வரை 50 டாலர், ஏழு முதல் பதின்மூன்று நாளுக்கு 100, அதற்கு மேல் 250. டிப்ஸிலும் கேசினோவிலும் கழிக்க முடியாது. ராயல் கரீபியனிலும் பங்குதாரர்களுக்கு இதேபோல ஒன்று உண்டு. பல வருடம் உழைத்துப் பிளாட்டினம் ஆனவனுக்கு அடுத்த கப்பலில் கதவு மூடியிருக்க, நேற்று பங்கு வாங்கினவனுக்குத் திறந்திருக்கிறது! ஆனால் இதற்காக ஓடிப்போய்ப் பங்கு வாங்கிவிடாதே. 2020-இல் கப்பலெல்லாம் கட்டிக்கிடந்தபோது அந்தப் பங்கு போன பள்ளத்துக்கு எத்தனை 250 டாலர் போட்டாலும் நிரம்பாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ராயலிலும் செலிப்ரிட்டியிலும் கணக்குத் தொடங்குவதாக இருந்தால், பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டிலும் ஒரே மாதிரி கொடு. ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று இருந்தால் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே நேரம் போகும். தங்கச்சிக்கும் தனிக் கணக்குத் தொடங்கிவிடு. ராயலில் ஒரே முகவரியில் வாழும் தம்பதிக்கு உயர்ந்தவர் அந்தஸ்து இருவருக்கும் கிடைக்கும். பிரின்சஸில் அவரவர் கணக்கு அவரவருக்குத்தான்.

பிரின்சஸ் கணக்கில் இதுவரை எத்தனை பயணம், எத்தனை நாள் என்று பார்த்து எழுது. குனார்டுக்குத் தேதி பார்த்துவிட்டாயா? மகள் புது வேலையில் நிலைத்துவிட்டாளென்றால் நாங்களும் அதே கப்பலில் வரலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அறை எடுக்கும் முன் ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்