ஒட்டகச்சிவிங்கிக்கு மூன்று கூடை

அன்பு மகன் செந்திலுக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாய். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன், ரேவதியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். சிங்கப்பூர் ஜூவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்கள் வந்து இறங்கிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. முதல் இரண்டு நாளும் பிள்ளைகள் மெல்பர்ன் கணக்கில் காலை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டு அப்பாவை எழுப்பப் போகிறார்கள், அது அடங்கட்டும் என்றுதான் மூன்றாம் நாள்.

ஜூ இருக்கிற மண்டாய், உனக்குத் தெரிந்த மண்டாய் இல்லை இப்போது. ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடிவிட்டு அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் புதிதாகத் திறந்தார்கள். ஜூ, இரவு சஃபாரி, ஆற்றுப் பூங்கா, பறவைப் பூங்கா, 2025இல் வந்த மழைக்காட்டுப் பூங்கா என்று ஐந்தும் அக்கம்பக்கத்தில்தான். ஐந்தையும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றே அதிகம். நம் தாத்தா காலத்து ஜூ, 1973இல் திறந்தது, அது ஒன்று போதும் முதலில்.

விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே நுழைகிற டிக்கெட் வேறு, விலங்குக்குக் கையால் தீனி கொடுக்கிற டிக்கெட் வேறு. இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. போன ஆண்டு காரைக்குடியிலிருந்து சித்தி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் அல்லவா, தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு இடைத்தரகு இணையதளத்தில் டிக்கெட் வாங்கினேன், படத்தில் ஒரு பையன் யானைக்கு வாழைப்பழம் நீட்டிக்கொண்டிருந்தான், அதெல்லாம் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் நுழைவு மட்டும்தான். தீனி கொடுக்க அன்றைக்கு உள்ள நேரங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அந்தப் பிள்ளை விமானத்தில் ஏறும்போதிருந்தே கையை நீட்டிப் பழகிக்கொண்டு வந்திருந்தான், பாவம். அவனுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன், சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். இந்தத் தடவை ஜூவின் சொந்தத் தளத்திலேயே எடுத்தேன். இங்கே நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய பள்ளி விடுமுறை, உள்ளூர்க் கூட்டமே தாங்காது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் சித்தி பேரன் கதைதான்.

ரேவதி போனில் ஒன்று கேட்டாள், நல்ல கேள்வி. வண்டலூரில் விலங்குகளுக்கு எதையும் கொடுக்காதே என்று பலகைக்குப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள், சிங்கப்பூரில் மட்டும் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கவிடுவது சரியா அத்தை என்றாள். நானும் யோசித்தேன். கண்டவர் பையிலிருந்து எடுத்துப் போடுகிற சிப்ஸும் பிஸ்கட்டும் வேறு, பராமரிப்பாளர் பக்கத்தில் நின்று, அவர்களே நறுக்கி அளந்து தருகிற கூடை வேறு. அந்த விலங்குக்கு எவ்வளவு போகலாம் என்று ஒரு கணக்கு இருப்பதால்தான் ஒரு நேரத்துக்கு இத்தனை கூடைதான் என்று நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் சீக்கிரமே தீர்ந்தும் போகிறது. ஆனாலும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. விலங்கு தானாக வர வேண்டும், வேண்டாமென்றால் திரும்பிப் போக அதற்கு இடம் இருக்க வேண்டும். தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்கிற வேலை எங்கே இருந்தாலும் நமக்கு வேண்டாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜூவில் யானைச் சவாரியே இருந்தது, இப்போது அது இல்லை. நல்லதுதான்.

போன வாரம் நானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிக்காதே. மூத்தோர் சலுகையில் டிக்கெட், யீஷூனிலிருந்து மண்டாய் எவ்வளவு தூரம்? அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், கோப்பிக் கடையில் அவருக்குக் கூட்டாளிகள் காத்திருந்தார்கள்.

ஒட்டகச்சிவிங்கியிடம் முதலில் போனேன். தூரத்தில் நிற்கும்போது ஏதோ பொம்மை மாதிரிதான் இருக்கிறது, அது நடந்து வந்து தடுப்புக்கு மேலாகக் குனிகிறபோதுதான் அந்தத் தலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது, என் கையளவு நீளத்துக்கு முகம். இமை முடி துடைப்பம் போல. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நாக்கு வந்துவிடுகிறது, கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம், நாவல்பழம் தின்ற பிள்ளை நாக்கை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. நீட்டினால் ஒன்றரை அடி வரும். அது கேரட்டைக் கவ்வுவதில்லை, சுற்றி வளைத்து இழுக்கிறது, அப்போது நாம் விட்டுவிட வேண்டும். நான் விடத் தாமதித்துவிட்டேன், மணிக்கட்டு வரைக்கும் எச்சில், கஞ்சித்தண்ணி மாதிரி கொழகொழவென்று. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி டிஷ்யூ கொடுத்தார்.

கவினுக்கு இதைச் சொல்லிவை: அதற்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, மாட்டுக்கு இல்லாதது போலவே. கடித்துவிடுமோ என்றுதான் அவன் பயப்படுவான். இன்னொன்றும் சொல், அவ்வளவு நீளக் கழுத்தில் எலும்பு ஏழே ஏழுதான், அவன் கழுத்திலும் ஏழுதான். அவனுக்கு எண்ணிக்கை சொன்னால் பிடிக்கும்.

காண்டாமிருகத்தையும் பார்த்தேன். வெள்ளைக் காண்டாமிருகம் என்று பெயர்தான், நிறம் நம் அடுக்குமாடித் தூண் மாதிரி சாம்பல். இரண்டு டன்னுக்கு மேல் எடை. வாய் மட்டும் அகலமாகத் தட்டையாக இருக்கிறது, புல்லை மேய்வதற்கு வாகாக. கண் சுமார்தான், காதுதான் எல்லாம், ஒன்று முன்னால் திரும்பினால் மற்றது பின்னால் திரும்புகிறது. நான் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்த சத்தத்துக்கு இரண்டு காதும் என் பக்கம் வந்து நின்றன. எனக்கு என்னவோ ஒட்டகச்சிவிங்கியைவிட அதைத்தான் பிடித்தது. ஆனால் மூச்சு விடுகிற சத்தம் பெரியது, கவின் தாங்கமாட்டான். அதனால் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் எடுத்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஜூவின் ஓராங் ஊத்தான் ஆ மெங் பக்கத்தில் நீ. 1988, உனக்கு ஐந்து வயது. அப்போதெல்லாம் ஓராங் ஊத்தானோடு காலைச் சாப்பாடு என்றால் ஊருக்கே பெருமை, வெளிநாட்டுக்காரர்கள் அதற்கென்றே வருவார்கள். சீட்டுக்கட்டியிருந்த பணத்தில் ஒரு பங்கை அதற்குப் போட்டேன். வரிசையில் நிற்கும்போதே நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம்மா என்றாய். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. காசு கட்டியாகிவிட்டது, பின்னால் வரிசை நிற்கிறது, ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், நான் உன்னைத் தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு விலகி வந்துவிட்டேன். படத்தில் ஆ மெங் அமைதியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது, உன் வாய் அகலத் திறந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் கதை சொன்னேன், நீ எழுந்து அறைக்குள் போய்விடுவாய். உனக்குப் பதினாலு பதினைந்து வயது வரைக்கும் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனது அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம்.

ஆ மெங் மேல் தப்பே இல்லை. அதுவும் பாவம், யாரோ ஒரு குடும்பம் வீட்டில் சட்டவிரோதமாக வளர்த்து 1971இல் பறிமுதல் செய்யப்பட்ட பிள்ளைதானே. அதைப் பார்த்துக்கொண்டவர் நம் ஆள், அழகப்பசாமி செல்லையா. பேப்பரில் அவர் படம் வந்தால் உன் தாத்தா வெட்டி வைப்பார். 1982இல் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போன இடத்தில் ஆ மெங் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் இறங்கவே மாட்டேன் என்றதும், கடைசியில் விழுந்து கை உடைந்ததும் அந்தக் காலத்தில் பெரிய செய்தி. அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது, அதன் பாஷையில். நான் இதை உன் போட்டோவோடு சேர்த்து யோசித்தது ரொம்பப் பிந்தித்தான்.

2008 பிப்ரவரியில் ஆ மெங் இறந்தபோது நீ மெல்பர்னில் இருந்து போன் பண்ணினாய். ஜூவில் அஞ்சலிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், நீ அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாய். இருக்கிறது என்றேன். சரி என்றாய். அதற்குப் பிறகு நான் அதைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரியில் வைத்துவிட்டேன், நீ அடுத்த தடவை வந்தபோது கவனித்தாயா தெரியவில்லை, நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு உன்னைத் தூக்கி வைத்தது தப்பு.

அதனால் கவினை யாரும் தள்ளக்கூடாது. நீயும்தான். போன வாரம் வீடியோவில் “ஆம்பிளைப் பிள்ளை, ஒட்டகச்சிவிங்கிக்குப் போய்ப் பயப்படுவியா” என்று அவனிடம் சொன்னாயே, எனக்குச் சுருக்கென்றது. மீரா முன்னால் ஓடுவாள், அவளைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. கவின் பின்னால் நிற்கிறேன் என்றால் நிற்கட்டும், பத்தடி தள்ளி நின்று அப்பத்தா எச்சிலாவதைப் பார்த்துச் சிரிக்கட்டும். பணம் கட்டியாகிவிட்டதே என்று ஒரு வார்த்தை யாரும் பேச வேண்டாம், அது என் பணம்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். டிசம்பர் மழை எப்படி என்று உனக்குத் தெரியும், மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் காலை நேரமாகப் பார்த்து எடுத்தேன். காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஜூவுக்கு நேரே பேருந்து இருக்கிறது, டாக்சி வேண்டாம். பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை ஒன்று, மீராவுக்கு இரண்டு. தீனி கொடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவாமல் பிராட்டாவில் கை வைக்கக்கூடாது, முக்கியமாக அப்பா. போகிற வழியில் ஆ மெங் வெண்கலச் சிலை இருக்கிறது, வேண்டுமென்றால் நின்று பார், இல்லையென்றால் தாண்டிப் போய்விடலாம், எனக்கு ஒன்றுமில்லை.

கூடை மூன்று எடுத்திருக்கிறேன். மீராவுக்கு ஒன்று, கவினுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. கவின் வேண்டாமென்றால் அவன் கூடை எனக்கு. நீ வேண்டாமென்றால் அதுவும் எனக்குத்தான், இந்தத் தடவை கேரட்டை நேரத்துக்கு விட்டுவிடுவேன்.

அன்புடன்,
அம்மா